தினேஷ் விட்டுப்போன குடை

இணையதளங்களைப் பராமரிக்கும் எங்கள் தொழிலில், ஓடிக்கொண்டிருப்பதைத் தொடாமல் இருப்பது பாதி வேலை. தொட்டுவிட்டால் அதை மறுபடி ஓடவைப்பது மீதி வேலை. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு டிபன் கடைக்கு மேல் மாடியில் எங்கள் அலுவலகம். முதலாளி ஜெபராஜ் சார், எனக்கு மூத்தவரான ரேவதி அக்கா, நான் என்று மூன்றே பேர். சின்ன வியாபாரிகளின் தளங்கள் நாற்பதுக்கு மேல் எங்கள் பொறுப்பில் இருக்கின்றன.

நீங்களும் இதே வேலையில் இருந்தால் நான் சொல்லப்போவதெல்லாம் உங்களுக்கும் நடந்திருக்கும். மற்றவர்களுக்காக ஒரு விளக்கம். பிளகின் என்பது ஒரு தளத்தோடு சேர்த்து மாட்டிக்கொள்ளும் துணைப்பொருள். ஆர்டர் வாங்க ஒன்று, படம் காட்ட ஒன்று, தேதி கேட்க ஒன்று. ஒவ்வொன்றையும் எங்கெங்கோ இருக்கும் யார் யாரோ எழுதியிருப்பார்கள். ஒருவர் முகம் இன்னொருவருக்குத் தெரியாது. ஆனால் எல்லாம் ஒரே வீட்டில் குடித்தனம் செய்தாக வேண்டும். சண்டை வந்தால் தீர்த்துவைக்க எங்களைக் கூப்பிடுவார்கள்.

ஆணியில் ஒரு குடை

இந்த முதல் கதையை நான் கண்ணால் பார்க்கவில்லை. ரேவதி அக்கா சொல்லிக் கேட்டதுதான். வேலையில் சேர்ந்த அன்று, கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய நீலக் குடையைப் பார்த்து, அது யாருடையது என்று கேட்டேன். எனக்கு முன்னால் தினேஷ் என்று ஒருவர் இருந்தாராம். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், கிளம்புகிற அவசரத்தில், ஒரு கல்யாண மண்டபத்தின் தளத்திலிருந்த பிளகின்கள் அத்தனையையும் ஒரே அழுத்தில் அப்டேட் செய்துவிட்டாராம். தளம் வெறும் வெள்ளைத் தாளாகிவிட்டது. ஓர் எழுத்துகூட மிஞ்சவில்லை. தினேஷ் எழுந்தார், படியிறங்கினார், தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போய் செங்கல்பட்டு வண்டியில் ஏறினார். அதற்குப் பிறகு யாரும் அவரைப் பார்க்கவில்லை. வெளியே மழை கொட்டியும் குடையை எடுக்கவில்லை.

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலையை நிரந்தரமாக்குவோம் என்று ஜெபராஜ் சார் சொல்லியிருந்தார். அதனால் அந்தக் கதையைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வரவில்லை. செங்கல்பட்டு வண்டி எத்தனை மணிக்கு என்றுதான் யோசித்தேன். "அந்த மண்டபம் என்னாச்சுக்கா?" என்று கேட்டேன். அக்கா மானிட்டரைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அது சரியாயிடுச்சு. நீ ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ கவி. வெள்ளிக்கிழமை எந்த பட்டனையும் அழுத்தாதே."

சீரியல் பல்பு

எந்த பிளகின் தகராறு செய்கிறது என்று கண்டுபிடிக்க ஒரே வழிதான் உண்டு. எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும். பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும். எதைப் போட்டதும் தளம் படுக்கிறதோ, அதுதான் குற்றவாளி. இருபத்தைந்து பிளகின் உள்ள தளத்தில் ஒரு முழு நாள் இப்படியே போய்விடும்.

அப்பா குன்றத்தூரில் ஒரு பந்தல் கடைக்கு விளக்குக் கட்டுகிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொழிச்சலூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் சீரியல் பல்பு மாலை ஒன்றை விரித்துப்போட்டு, எந்த பல்பு போயிருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார். ஆபீஸில் அப்படி என்னதான் வேலை என்று கேட்டார். நான் ஆர்வமாக விளக்கினேன். ஒவ்வொன்றாக அணைப்பது, ஒவ்வொன்றாகப் போடுவது, கெட்டுப்போன ஒன்றைப் பிடிப்பது. அப்பா கையிலிருந்த பல்பைக் கழற்றி இன்னொன்றைத் திருகினார். மாலை முழுவதும் எரிந்தது. அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "அப்ப நானும் நீயும் ஒரே வேலைதான் பாக்குறோம். உனக்கு மட்டும் ஏன் ஃபேன் போட்டுக் குடுத்திருக்காங்க?"

மதிப்பிற்குரிய ஐயா

நம்மால் முடியாதபோது போய் நிற்கிற இடம், இணையத்தில் இருக்கும் ஃபோரம். இந்த பிளகின்களைப் பயன்படுத்துகிற ஊர்பேர் தெரியாதவர்கள் அங்கே ஒருவருக்கொருவர் இலவசமாக உதவிக்கொள்கிறார்கள். பேச்செல்லாம் ஆங்கிலத்தில். மேற்குத் தாம்பரத்தில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கும் முருகேசன் அண்ணாவின் தளத்துக்காகத்தான் முதன்முதலில் அங்கே போனேன். அவருடைய விசாரணைப் படிவத்தில் யாராவது 'அனுப்பு' என்று அழுத்தினால் ஒரு சின்னச் சக்கரம் சுற்ற ஆரம்பிக்கும். அப்புறம் நிற்கவே நிற்காது. "இன்னாம்மா இது, சுத்திக்கினே கீது? என் ஸ்டூடண்ட்டுங்களே இதவிட சீக்கிரம் பிரேக் போடுவாங்க" என்று தினமும் போன் செய்வார்.

கேள்வியை நோட்டில் நாலு முறை எழுதித் திருத்தினேன். பரீட்சையில் தலைமை ஆசிரியருக்கு விடுப்புக் கடிதம் எழுதுவோமே, அதே தோரணையில் 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கி, 'தங்கள் கீழ்ப்படிந்துள்ள' என்று முடித்தேன். என்ன பிளகின், எந்தப் பதிப்பு என்று மட்டும் சொல்ல மறந்துவிட்டேன். பத்து நிமிடத்தில் ஒருவர் பதில் போட்டார். பெயருக்குப் பக்கத்தில் ஆமைப் படம். 'நான் ஐயாவும் இல்லை, நீங்கள் எனக்குக் கீழ்ப்படியவும் வேண்டாம். பதிப்பு எண் மட்டும் சொன்னால் போதும்' என்று எழுதியிருந்தார். எண்ணைச் சொன்னேன். எதை மாற்ற வேண்டும் என்று இரண்டு வரியில் சொல்லிவிட்டார். சக்கரம் நின்றது.

சம்பளம் இல்லாமல் ஒருவர் இப்படி உட்கார்ந்து பதில் சொல்வதை ரேவதி அக்காவால் நம்ப முடியவில்லை. வீட்டில் பேச ஆள் இல்லாதவராக இருக்கும் என்றார். முருகேசன் அண்ணாவிடம் விவரம் சொன்னபோது அவர் நெஞ்சில் கை வைத்துவிட்டார்: "அந்த ஆமைக்கு கார் ஓட்டத் தெரியுமான்னு கேளும்மா. தெரியலன்னா இங்க வரச் சொல்லு, காசு வாங்காம நான் கத்துக்குடுக்கறேன்."

வியாழக்கிழமை அழுத்தினேன்

இனி நான் செய்த தப்பு. செம்பாக்கத்தில் ஸ்டெல்லா அக்கா வீட்டிலேயே கேக் செய்து விற்கிறார். பதினோரு வருடம் கணக்கு டீச்சராக இருந்துவிட்டு, ஜூன் மாதம் வேலையை விட்டவர். 'ஒரு கிறிஸ்துமஸ் பார்ப்போம். சரிவரலன்னா திரும்ப ஸ்கூலுக்குப் போயிடு' என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். அந்த ஒரு கிறிஸ்துமஸுக்காக நாங்கள்தான் அவருக்குத் தளம் கட்டிக்கொடுத்தோம். வீட்டில் ஒரே ஓவன். ஒரு நாளைக்கு ஆறு கிலோவுக்கு மேல் தாங்காது. அதனால் யாருக்கு எந்த நாள் வேண்டும் என்று ஆர்டரிலேயே கேட்டு வாங்க ஒரு தேதிக் கட்டம் வைத்திருந்தோம். அந்தக் கட்டம் ஒரு தனி பிளகின்.

டிசம்பரில் ஒரு வியாழக்கிழமை மாலை, அவருடைய தளத்தின் ஓரத்தில் சிவப்பு வட்டத்துக்குள் 7 என்று தெரிந்தது. ஏழு அப்டேட் காத்திருக்கிறது என்று அர்த்தம். சிவப்பைப் பார்த்தால் என்னால் சும்மா இருக்க முடியாது, விடைத்தாளில் பார்த்துப் பழகிய பயம். மறுநாள் வெள்ளிக்கிழமை, தொடக்கூடாது. ஆகவே அன்றைக்கே முடித்துவிடுவது நல்லது என்று நினைத்தேன். ஒழுங்காக பேக்கப், அதாவது தளத்தின் அன்றைய நகலை, எடுத்து வைத்தேன். ஏழையும் அழுத்தினேன். முகப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். கேக் படங்கள் அழகாக வந்தன. நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். ஒரே ஒரு ஆர்டர் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

சனிக்கிழமை காலை அலுவலகத்தில் நுழைந்தபோது ஸ்டெல்லா அக்காவின் போன் வந்தது. குரலில் சந்தோஷமும் குழப்பமும் பாதிப் பாதி: "பாப்பா, ஆர்டர் கொட்டுது, முப்பத்தொண்ணு வந்திருக்கு, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனா என்னைக்கு வேணும்னு ஒருத்தர்கூட சொல்லலியே?"

தப்பைச் சொல்வது

தேதிக் கட்டத்தைக் காணவில்லை. புது அப்டேட்டுக்குப் பிறகு ஆர்டர் பக்கத்தில் அது இருந்த இடம் சுத்தமாகத் துடைத்துவிட்டது போல இருந்தது. பேக்கப்பைத் திரும்பப் போட்டால் கட்டம் வந்துவிடும். ஆனால் தளம் வியாழக்கிழமை இருந்த நிலைக்குப் போய்விடும். அதற்கப்புறம் வந்த முப்பத்தொரு ஆர்டரும் மறைந்துவிடும். சிலருக்குக் கேக் திங்கட்கிழமையே வேண்டியிருக்கலாம். ஒரே ஓவனை வைத்துக்கொண்டு, எது முதலில் என்று தெரியாமல் அவர் எதை வேகவைப்பார்?

பிளகின் எழுதியவர்கள் மேல் பழி போடலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது என்பதையும் எழுதிவிடுகிறேன். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆணியில் தொங்கிய குடையைப் பார்த்தேன். பிறகு போனை எடுத்து, "அக்கா, வியாழக்கிழமை நான்தான் அப்டேட் பண்ணேன். ஆர்டர் போட்டு செக் பண்ணாம விட்டுட்டேன். அதான் தேதி போயிடுச்சு" என்றேன். மறுமுனையில் அவர் ஓடிக்கொண்டிருந்த மிக்சியை நிறுத்தினார். பிறகு டீச்சர் குரலில் பேசினார்: "தானா வந்து தப்பைச் சொன்ன பிள்ளைய நான் அடிச்சதில்ல. ஆனா திருத்தாம பெஞ்சுல உட்கார விட்டதும் இல்ல."

'சரியாகிவிட்டது, நன்றி'

ஃபோரத்தில் தேடினேன். அதே ஆர்டர் பிளகின், அதே தேதிக் கட்டம், அதே காணாமல்போதல். யாரோ ஒருவர் என் கேள்வியை எனக்கு முன்பே கேட்டிருந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கீழே போனேன். கேட்டவரே பதிலும் போட்டிருந்தார்: 'சரியாகிவிட்டது, நன்றி.' அவ்வளவுதான். எப்படிச் சரியானது என்று ஒரு வார்த்தை இல்லை. இந்த அனுபவம் இல்லாத ஆள் நம் தொழிலில் கிடையாது. தாகத்தோடு தண்ணீர் கேட்கிறவரிடம் 'நான் குடித்துவிட்டேன்' என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இவர்கள்.

புதிதாகக் கேள்வி போட்டேன். இந்த முறை ஐயா இல்லை. பதிப்பு எண், என்ன செய்தேன், எதைச் செய்யாமல் விட்டேன், எல்லாம் எழுதினேன். கடைசியில், 'இது ஒருவருடைய முதல் கிறிஸ்துமஸ் வியாபாரம்' என்றும் சேர்த்தேன். ஆமை வந்தார். தன்னிடமிருக்கும் ஒரு வெற்றுத் தளத்தில் இதே இரண்டையும் மாட்டிப் பார்த்துச் சொல்வதாகவும், அதுவரை வரும் ஆர்டர்களுக்காக, குறிப்பு எழுதும் பெட்டிக்கு மேல் 'எந்த நாள் வேண்டும் என்று இங்கே எழுதுங்கள்' என்று ஒரு வரி போட்டுவிடும்படியும் எழுதினார். எனக்குத் தோன்றாத சாதாரண யோசனை. இனி வருகிற ஆர்டர் பிழைத்தது. ஏற்கெனவே வந்த முப்பத்தொன்று? ரேவதி அக்கா எனக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் படித்துவிட்டிருந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்: "ஆர்டர்ல போன் நம்பர் இருக்கில்ல? பிரிண்ட் எடுத்து ரெண்டா கிழி. மேல் பாதி எனக்கு."

முப்பத்தொரு போன்

முன்பின் தெரியாதவர்களுக்கு போன் செய்து, கேக் எந்த நாள் வேண்டும் என்று கேட்பது எளிது என்றுதான் நினைத்தேன். முதல் ஆள், லோன் வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டார். ஒரு அம்மா, மருமகள் ஊரிலிருந்து என்றைக்கு வருகிறாள் என்பதைப் பொறுத்தது என்று சொல்லி, லைனில் என்னை வைத்துக்கொண்டே இன்னொரு போனில் மருமகளைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் சண்டை போட்டு, சமாதானமாகி, இருபத்துமூன்றாம் தேதி என்று முடிவு செய்தார்கள். பல்லாவரத்திலிருந்து ஒரு பெரியவர், இருபத்துநாலு என்று உடனே சொல்லிவிட்டார். நன்றி சொல்லி வைக்கப்போனேன். "அவ்வளவுதானாம்மா? வேற ஏதாவது கேக்கணும்னாலும் கேளு. பசங்க ராத்திரிதான் பேசுவாங்க" என்றார். முந்திரி போடலாமா என்று கேட்டேன். ஐந்து நிமிடம் முந்திரியைப் பற்றிப் பேசினோம்.

பதினோரு மணிக்கு ஜெபராஜ் சார் வந்தார். சனிக்கிழமை காலையில் நாங்கள் இருவரும் ஆளுக்கொரு போனில் கேக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றார். ரேவதி அக்கா எதையோ சொல்ல வாயெடுத்தார். நான் அதற்குள் எழுந்துவிட்டேன். "சார், தப்பு என்னோடது" என்று ஆரம்பித்து முழுவதும் சொன்னேன். ஆறு மாதம் முடிய இன்னும் இரண்டு வாரம் இருந்தது. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். ரேவதி அக்காவை ஒரு முறை பார்த்தார். அப்புறம் என் கையிலிருந்த தாளை வாங்கினார்: "இன்னும் எத்தனை பேர் பாக்கி? எனக்கு ஏழு குடு."

எப்படிச் சரியானது

மதியம் இரண்டு மணிக்கு ஆமையின் பதில் வந்தது. ஆர்டர் பிளகின் இந்த அப்டேட்டில் பக்கத்தின் அமைப்பையே மாற்றிவிட்டதாம். தேதிக் கட்டத்துக்குப் பழைய அமைப்பில்தான் உட்காரத் தெரியுமாம். பழைய அமைப்புக்குத் திரும்ப எந்தப் பக்கத்தில், எந்த வரியை மாற்ற வேண்டும் என்று படத்தோடு காட்டியிருந்தார். மாற்றினேன். கட்டம் வந்தது. நானே ஒரு கிலோ பிளம் கேக் ஆர்டர் போட்டுப் பார்த்தேன், இருபத்தைந்தாம் தேதிக்கு. வந்து விழுந்தது. ஒரு ஆர்டரும் தொலையவில்லை.

ஃபோரத்தில் 'சரியாகிவிட்டது, நன்றி' என்று கை தானாக எழுதியது. அழித்தேன். ஒவ்வொரு படியையும் வரிசையாக, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், ஒரு பக்கத்துக்கு எழுதிப் போட்டேன். எனக்கு முன்பு கேட்டு, பதில் சொல்லாமல் போனவருடைய கேள்விக்குக் கீழேயும் ஒட்டினேன். ஸ்டெல்லா அக்கா கொடுத்த கேக் படத்தையும் ஆமைக்கு அனுப்பிவைத்தேன். தேதி கேட்டு வாங்கிய எல்லாக் கேக்கும் அந்தந்த நாளில் போய்ச் சேர்ந்தன. கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் ஸ்டெல்லா அக்கா போன் செய்தார்: "பாப்பா, நான் ஸ்கூலுக்குத் திரும்பப் போகல. எங்க வீட்டுக்காரரே இன்னொரு ஓவன் பாக்கக் கிளம்பிட்டாரு."

மழை

அந்தச் சனிக்கிழமையில் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். முப்பத்தொன்றாவது போனும் முடிந்து, நாங்கள் கீழே டிபன் கடையில் சாப்பிட்டுவிட்டு வரும்போது மழை பிடித்துக்கொண்டது. எனக்குப் பல்லாவரம் வரை வண்டி, அங்கிருந்து ஷேர் ஆட்டோ. குடை கொண்டுவரவில்லை. நான் கதவருகே தயங்கி நிற்பதைப் பார்த்த ரேவதி அக்கா, ஆணியிலிருந்த நீலக் குடையை எடுத்து, தூசி தட்டி, என்னிடம் நீட்டினார். "ஐயோ, தினேஷோடதுக்கா" என்றேன். அக்கா என் கையைப் பிடித்து அதில் குடையை வைத்தார்: "எடுத்துட்டுப் போ கவி. அது என்னுதுதான்."

திங்கட்கிழமை குடையைத் திரும்ப ஆணியில் மாட்டினேன். அது இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. ஜனவரியில் வேலை நிரந்தரமான பிறகு, அந்தக் கல்யாண மண்டபத்தின் தளத்துக்கும் நான்தான் பொறுப்பு என்றார்கள். யார், எந்த நாளில், எதை அழுத்தினார்கள் என்று தளமே எழுதி வைத்துக்கொள்ளும் பதிவு ஒன்று உண்டு. அதைத் திறந்து பின்னோக்கிப் போய்ப் பார்த்தேன். தினேஷ் என்ற பெயரில் எப்போதும் யாரும் உள்ளே வந்ததில்லை. எல்லா பிளகின்களையும் ஒரே அழுத்தில் அப்டேட் செய்தவரின் பெயர் ரேவதி. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அதே ரேவதி மறுபடி உள்ளே வந்து, ஒவ்வொன்றாக அணைத்து, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்திருக்கிறார். அழுத்திய நாள் செவ்வாய்க்கிழமை. ஆக, எங்கள் அலுவலகத்தில் வெள்ளிக்கிழமைக்கு இருக்கிற கெட்ட பெயர் முழுக்க முழுக்க அநியாயம்.